உப்புத்தாள் படாத மேசை

இயேசு மரி சூசை

மரக்காணம்
20.11.2005

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பையனும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். இங்கே அடைமழை, பாத்தியெல்லாம் ஏரிபோலக் கிடக்கிறது, தை வரைக்கும் உப்பள வேலை கிடையாது, வீட்டில் உட்கார்ந்து உன் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடலலையில் தம்பி ஜான்சன் போய் அடுத்த மாதம் வருஷம் திரும்புகிறது, கோயிலில் பூசைக்குச் சொல்லிவிட்டேன். போனில் பேசும்போதெல்லாம், அம்மா ஏன் என்கிட்ட பேச மாட்டேங்குது, அடக்கத்துக்கு வரலன்னு கோவமா என்று அழுகிறாய். கோபமெல்லாம் இல்லை கண்ணு. நிறைமாதக்காரி எப்படி விமானம் ஏறுவாள் என்று அவளுக்குத் தெரியாதா. அவள் யாரிடமும்தான் பேசவில்லை. போன் அடித்தாலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறாள், நான் ஜான்சன் பெயரை எடுத்தால் காது கேட்காதவள்போல் இருக்கிறாள், இத்தனை நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதுதான் எனக்குப் பயமே.

மேசை விஷயத்துக்கு வருகிறேன். நம் பலா மேசையைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கச் சொன்னாய், சொல்லுவாய், நீ ஏன் சொல்லமாட்டாய். வீட்டுக்குள் இடுப்பளவு கடல் நின்றபோது வெளியே அடித்துக்கொண்டு போகாமல் வாசல்நிலையில் சிக்கித் தங்கியது அது ஒன்றுதான். ஆனால் வெயிலில் வெள்ளையாய் உப்புப் பூத்தது, மழை பிடித்ததும் வியர்த்துக் கொட்டுகிறது, மேல் பாலிஷ் செதில் செதிலாய் உரிகிறது. வருஷப் பூசைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் சாப்பாடு வைப்பேன் என்று எனக்குப் பிடிவாதம். வாளி வாளியாய்க் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கழுவினேன், காய்ந்தால் முன்னைவிட அதிகமாய்ப் பூக்கிறது. கடல் ஏறிய கிணறு இன்னும் கரிக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை, ஆயுசெல்லாம் உப்பு வாரினவன் செய்கிற வேலையா இது! பிறகு லாரித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கத் துடைக்கத்தான் அடங்கியது.

பக்கத்து ஊர் பிரம்மதேசத்திலிருந்து ஆசாரி சடையப்பனை வரவழைத்தேன். அவன் தடவிப் பார்த்துவிட்டு, அண்ணே, இது வேலைக்காவாது, உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சுட்டு ரோஸ்வுட் கலர் அடிச்சிடலாம், புதுசாட்டம் இருக்கும் என்றான். மரம் தேய்க்கிற தாளை உப்புத்தாள் என்றுதானே எல்லாரும் சொல்கிறோம், உன் அம்மாவுக்கும் தெரியாததில்லை. ஆனால் அடுப்படியில் இருந்தவள் காதில் அந்த உப்பு மட்டும்தான் விழுந்திருக்கிறது. எகிறிக்கொண்டு வந்தாள். அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதே இல்லை ரோஸ்லின். இன்னும் இன்னாயா உப்பு, எம்புள்ள வாயிலயும் மூக்குலயும் போன உப்பு பத்தாதா, இதுமேலயும் போடப் போறியா என்று அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டாள். பிறகு மேசையின் சன்னலோர மூலையில் கையை வைத்து, பார்யா, இந்த எடம் மட்டும் எப்படி செவந்து கெடக்குதுன்னு, எம்புள்ள முழங்கைய ஊனி ஊனி சாப்ட்ட எடம், இத்த தேச்சிட்டா நான் எங்க போய்ப் பாப்பேன் என்று சொல்லி, அந்த இடத்திலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். நானும் அழுதேன். சடையப்பன் வாசலில் போய் நின்றுகொண்டான்.

அதற்கப்புறம் அவன் தாளைத் தொடவில்லை. உரிந்த பாலிஷை மட்டும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெதுவாக எடுத்தான், அடியில் பலாவின் பழைய மஞ்சள் அப்படியே இருந்தது. கலர் எதுவும் சேர்க்காமல் வெறும் லின்சீட் எண்ணெயை மெல்லிசாய்ப் பூசி, மழை விட்ட நேரம் பார்த்துக் காயவைத்து, மறுபடி பூசினான். அந்த மூலையை அம்மா யாரையும் தொடவிடவில்லை, தானே துடைத்தாள், தானே எண்ணெய் போட்டாள். நேற்று அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள், சாப்பிடும்போதே தம்பியைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேசையில் கறை கிறை எல்லாம் இருக்கிறது, புதுசாட்டம் இல்லை. இருக்கட்டும்.

பையனுக்குச் சளி என்றாயே, வெந்நீரே கொடு. மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இது கைக்கு வந்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து போன் போடு. இந்தத் தடவை நான் எடுக்க மாட்டேன், அம்மா எடுக்கிறேன் என்றிருக்கிறாள். எடுத்ததும் அழத்தான் செய்வாள். நீ கேட்டுக்கொண்டே இரு, வைத்துவிடாதே.

உன் அப்பா
சவரிமுத்து