ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு

வாயாடியின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் கழுத்து வலி, அம்மாவின் முழங்கால், நம் வாயாடியின் ஆடும் பல், மூன்றும் எப்படி இருக்கின்றன?

போன வாரம் கிடங்கில் என் வண்டி ஓர் அட்டைப்பெட்டி அடுக்கை லேசாக முட்டிவிட்டது. பதறாதே, விழுந்ததெல்லாம் தலையணைகள்தான். ஆனாலும் கம்பெனி நர்ஸம்மாவிடம் அனுப்பினார்கள். பிரஷர் பார்த்துவிட்டு, "கோவம் வந்தா முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. வேலை முடிஞ்சதும் கொஞ்ச தூரம் நடங்க. வீட்ல யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுறீங்களா?" என்று கேட்டார்.

"தினமும் என் வீட்டுக்காரிகிட்ட பேசுறேங்க" என்றேன், கூசாமல்.

"அப்ப கவலையே இல்ல" என்று அவர் சிரித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சூப்பர்வைசர் திட்டினால் "சரிங்க சார்" என்கிறவன், உன்னிடம் மட்டும் எரிந்து விழுகிறேன். கடைசியாகப் பேசியபோது நீ, "குழாய் ஒழுகுது, இன்னொண்ணும் சொல்லணும்" என்று ஆரம்பித்தாய். "அதுக்கும் நான்தான் வரணுமா?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். பதினோரு நாளாகிறது.

தண்ணீர் குடிக்கிறேன். இரண்டு பஸ் நிறுத்தம் நடக்கிறேன். நர்ஸம்மா சொன்னதில் மூன்றாவதுதான் பாக்கி.

யாராவது இங்கே வந்தால் உன் பழைய நூல் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள. இங்கே வாங்கிய கம்பளி குத்துகிறது.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. கடிதம் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கூப்பிடுவேன். குழாயிலிருந்தே ஆரம்பி. அப்புறம் அந்த இன்னொன்றையும் சொல்.

உன்
சிடுமூஞ்சி