நல்லம்மாக்காவின் வெள்ளி ரூபாய்

14.02.2004, சனி

தம்பி லியோன் நாளைக்குப் பாரிஸுக்குத் திரும்புகிறான். இன்ரநெற்றில் பழைய காசு விற்பது அவனுடைய தொழில். ஊர்காவற்றுறைச் சனம் கொண்டு வருகிற காசுகளை நல்லதா கள்ளமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. விஞ்ஞானம் படிப்பிக்கிற மாக்கிறேற் ரீச்சர் சொன்னால் பிழை வராதாம். கேட்கக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

பின்னேரம் நல்லம்மாக்கா வந்தா. விக்ரோறியா ராணித் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று. சாம்பல் போட்டுப் பளபளவென்று மினுக்கிக் கொண்டு வந்திருக்கிறா. மினுக்கினால் விலை இறங்கும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் நொந்ததுதான் மிச்சம். புருஷன் மார்க்கண்டர் சாகிறதுக்கு முதல், தன் தகப்பனின் காசு என்று கையில் வைத்தாராம். இடம்பெயர்ந்து திரும்பி வந்து எட்டு வருஷமாகியும் அவவின் வீட்டுக்கு வாசல் கதவில்லை, ஓலைத் தட்டிதான். கதவுக்காகத்தான் விற்கிறா.

நிறை சரி. காந்தம் இழுக்கவில்லை. நல்ல காசு என்று லியோனிடம் கொடுத்துவிட்டேன்.

03.04.2004

காசு பெல்ஜியத்தில் ஒருவருக்கு விலைப்பட்டதாம். நல்லம்மாக்கா அதற்குள் தச்சரைக் கூப்பிட்டுக் கதவுக்கு அளவும் எடுப்பித்துவிட்டா.

22.05.2004, சனி

காசு திரும்பி வந்துவிட்டது. லியோன் தபாலில் அனுப்பியிருக்கிறான், வாங்கினவர் எழுதின கடுதாசித் துண்டோடு. "துளையை அடைத்த காசு." அவருக்கு லியோன் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

உருப்பெருக்கியால் பார்த்தேன். மினுக்கம் போய் வெள்ளி கறுத்ததும், ராணியின் முடிக்கு மேலே ஒரு சின்ன வட்டம் தெரிகிறது. யாரோ துளைத்து, பிறகு வெள்ளியாலேயே அடைத்திருக்கிறார்கள். அதுதான் நிறை சரியாக வந்தது. மேசையில் தட்டினேன். நல்ல வெள்ளி கணீரென்னும், இது செத்த சத்தம். இதை அன்றைக்கே தட்டிப் பார்த்திருந்தால்? ஏன் பார்க்கவில்லை? பெரிய ரீச்சராம்!

நல்லம்மாக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுகொண்டுதான் மினுக்கினவவோ? என்னை மடைச்சியாக்கிப் போட்டாவோ?

லியோன் ரெலிபோனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "திருப்பி மினுக்கிப்போட்டு அனுப்பு அக்கா. படத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. பாவம், மனிசிக்குக் கதவு வேணுமெல்லே."

ஏலாது என்று நான் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

23.05.2004, ஞாயிறு

பூசை முடிந்து நேரே அவ வீட்டுக்குத்தான் போனேன். சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான். துளை அடைத்த காசென்று சொன்னதும் மறுப்பா என்று பார்த்தேன். மறுக்கவில்லை. "எவடத்திலை ஓட்டை?" என்றா.

முடிக்கு மேலே என்றேன்.

"ராணியின்ரை காதடியிலை ஒரு கீறல் கிடக்கோ? எனக்குக் கண் மங்கல், நீர் பாரும் பிள்ளை."

கிடந்தது. முந்தியே கண்டதுதான், தேய்மானம் என்று விட்டிருந்தேன்.

பிறகு சொன்னா. அவவின் மூத்தது ஆண்பிள்ளை. மார்க்கண்டர் தன் கையாலேயே ஒரு ரூபாயைத் துளைத்துக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் கழுத்தில் கட்டினாராம். துளைக்கிறபோது கை வழுக்கி விழுந்த கீறல் அது. பதினொரு மாதத்தில் காய்ச்சல் பிள்ளையைக் கொண்டு போய்விட்டது. பிறகு இவ காசைக் கேட்டதுக்குக் கடலில் எறிந்துவிட்டேன் என்றாராம். பிள்ளையின் நினைவுக்கு அது ஒன்றையாவது விடாமல் எறிந்த மனிசன் என்று எத்தனையோ வருஷம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம்.

"வைச்சிருந்திருக்கிறார். ஓட்டையை அடைச்சு, எனக்குத் தெரியாமல் வைச்சிருந்திருக்கிறார். சாகேக்கையும் சொல்ல வாய் வரேல்லை அந்த மனிசனுக்கு."

இரண்டு பேரும் அழுதோம். காசை அவவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த மனிசியையா நேற்று கள்ளி என்று நினைத்தேன்?

24.05.2004

லியோனுக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன். இனி என் கையால் வருகிற காசுக்கு என்ன பழுதோ அதை எழுதித்தான் விற்கவேண்டும் என்றும் சொன்னேன். கோபித்துக்கொண்டான்.

19.06.2004, சனி

சந்தையில் நல்லம்மாக்காவைக் கண்டேன். யாழ்ப்பாணம் போய் நகை செய்கிற பத்தர் ஒருவரிடம் கொடுத்து அந்த அடைப்பைத் திறப்பித்திருக்கிறா. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ரூபாய். கதவைப் பற்றி நான்தான் கேட்டேன். தட்டி இன்னும் ஒரு மாரிக்குத் தாங்குமாம்.

இப்போது இதற்கு என்ன விலை வரும் என்று கேட்டா. ஓட்டைக் காசை ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்றேன்.

"அது நல்லம்" என்றா.