உப்புப் போடாத பட்டணத்துக் கீரை

பழவேற்காடு,
சாயக்காரர் தெரு.

அம்மணியின் நைனாவுக்கு, எல்லம்மா கும்பிட்டுச் சொல்வது. உங்கள் பெயரை என் வாயால் சொல்லக்கூடாது என்பதால் ஓலையின் மேல்சுற்றில் தசரதனே அதை எழுதிக்கொள்கிறார். இவர் இந்தத் தெருவில் துணிக்கணக்கு எழுதுகிறவர். நடுவில் அழுதால் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள். நம் மகள் அம்மணி இங்கேதான் இருக்கிறாள். அவளைக் கப்பலுக்குக் கொடுக்கவில்லை. இப்போது இந்த வீட்டுக்காரி தனக்கோடியோடு கீரை பறிக்கப் போயிருக்கிறாள். அவள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் இதை எழுதச் சொல்கிறேன்.

கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது, வழியே இல்லேன்னா புள்ளய தரகன் கையில உட்டுடு, அடிமையா இருந்தாலும் எங்கனா சோறு துன்னு பொழைக்கும்னு சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படகேறினீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் இந்த நாலு மாதமும் நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போனதும் ஏரியின் முகத்துவாரம் மணலால் மூடிக்கொண்டது. பல்லில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு நாளெல்லாம் சேற்றைத் தடவினாலும் ஓர் இறால் கையில் படவில்லை. கரையில் இருந்த உமரிக்கீரைகூடக் கருகிவிட்டது. காட்டூர்ப் பக்கம் வயல்கள் வெடித்துக் கிடந்தன, ஒரு புல் இல்லை. வேறு போக்கில்லாமல் பிள்ளையோடு பட்டணத்துக்கு வந்தேன். சாயம் தோய்க்கிற தனக்கோடி தன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்க இடம் கொடுத்தாள். நன்றாக இருக்கட்டும் அவள்.

இங்கே ஓர் அதிசயம். வயல் காய்ந்த வருஷத்தில் சந்துகள் பச்சையாக இருந்தன! கிணற்றடியில் கரிசலாங்கண்ணி, கோட்டை அகழிக் கரையில் பொன்னாங்கண்ணி, குப்பைமேட்டில் குப்பைக்கீரை, இடிந்த கிடங்கின் செங்கல் இடுக்கில் மூக்கிரட்டை, ஒல்லாந்தர் கல்லறைச் சுவரில் முடக்கத்தான். யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு சந்தில் இருப்பது அடுத்த சந்தில் இல்லை. துறையோரம் தனக்கோடிக்கே பேர் தெரியாத செடி ஒன்று நிற்கிறது, கப்பல் சரக்கோடு வந்து விழுந்ததோ என்னவோ. அதை மட்டும் தொடாதே என்கிறாள். அம்மணி எண்ணியதில் மொத்தம் இருபத்திரண்டு வகை.

இந்தப் பேர்களெல்லாம் பிறகு கற்றுக்கொண்டவை. வந்த புதிதில் குப்பைக்கீரையைப் பறித்து, நம் வழக்கப்படி இரண்டு தரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொடுத்தேன். அம்மணி வாயில் வைத்ததும் குமட்டித் துப்பினாள். மூன்று நாள் அப்படியே. பட்டணத்துக் கீரை ஏரிக்கரை உடம்புக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டேன். நாலாம் நாள் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. மாமன் வீட்டுக்குப் போகலாம் என்று பொய் சொல்லித் தலை வாரிவிட்டேன். ஆமாம், தரகன் வீட்டுக்குத்தான். உங்கள் மேல் கோபப்பட்ட நானும் கிளம்பினவள்தான்.

வாசலைத் தாண்டுமுன் தனக்கோடி என் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னாடி எல்லம்மா, இதுல உப்பே இல்லியே, மாட்டுக்கா வெச்சே என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உமரி உப்பிலேயே வளர்வது, அந்த உப்பை வடித்துத்தான் தின்போம். கீரைக்கு உப்புப் போட நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இருந்த ருசியையும் வடித்துக் கொட்டிவிட்டு வெறும் சக்கையைப் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன். அதுவும் ஏரி முழுக்க உப்புப் பூத்துக் கிடந்த நாளில்! தனக்கோடி வடிக்காமல் கடைந்து, உப்புப் போட்டு, கையில் உருட்டிக் கொடுத்தாள். அம்மணி தின்றாள். இன்னும் வேணும்னு கேட்டாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். தரகன் வீட்டுக்கென்று போட்ட முடிச்சை அவிழ்த்து, மறுபடி தலை வாரிவிட்டேன்.

போன வாரம் நல்ல மழை. முகத்துவாரத்து மணலை வெட்டித் திறந்துவிட்டார்கள். ஏரியில் தண்ணீர் ஏறுகிறது, நேற்று என் பறியில் நாற்பது இறால். பஞ்சம் போய்விட்டது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

இனி ஒன்றே ஒன்று. நீங்கள் சொல்லிவிட்டுப் போனது அம்மணிக்குத் தெரியாது. நான் அவளை எங்கே கூட்டிப்போகக் கிளம்பினேன் என்பதும் தெரியாது. தசரதன் இந்த ஓலையைக் கட்டியதும் மறந்துவிடுவதாகச் சொல்கிறார். அவளோ, நைனா வந்தா காட்டணும்னு இருபத்திரண்டு செடியும் நிற்கிற இடத்தைத் தினமும் எனக்கு ஒப்பிக்கிறாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அங்கேயே தங்கிவிடாதீர்கள். நான் தினமும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் வந்து விழியுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

எல்லம்மா