வரம்பை வெட்டினேன்

இஞ்சாருங்கோ,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. உங்கள் ஆத்துமாவுக்கான பூசைக்குச் சொல்லியாயிற்று. அதற்கு முன் வயல் விஷயம் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐப்பசியில் விதைத்ததை வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சியது, போன அறுவடையில் நீங்கள் காயவைத்துக் கட்டிய ஒரு மூட்டை விதைநெல். அதுவும் போனால் உங்கள் கையால் விளைந்த நெல் இனி இல்லை. முளைகட்டி, மார்கழிப் பனிக்குள் விதைத்தேன்.

முன்பும் ஒருமுறை இப்படிப் பிந்தி விதைத்தோமே, நினைவிருக்கிறதா? முளை தெரிந்ததும் நீங்கள் வரம்பை வெட்டித் தண்ணீரை வடித்தீர்கள். நான் சண்டைக்கு வந்தேன். நான் கடலோரத் தாழ்வுபாட்டில் பிறந்தவள். மார்கழி விடியலில் கடலில் கால் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். குளிருக்குத் தண்ணீர்தானே போர்வை என்றேன். "கடற்கரைக்காரி வயலுக்குச் சட்டம் சொல்லுறா" என்று சிரித்தீர்கள். வரம்பை மட்டும் மூடவில்லை.

இந்த முறை தடுக்க ஆளில்லை. கணுக்கால் மறையத் தண்ணீர் கட்டினேன். பச்சை மளமளவென்று எழும்பியது, எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. விதைத்து இரண்டாம் வாரம் வாடைக்காற்று அடித்தது. காலையில் போனால் பாதிப் பயிர் மிதந்துபோய், கரையொதுங்கிய பாசிபோல் ஒரு மூலையில் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். தாள் விரல் நீளம். வேர் என்று சொல்ல ஒரு நூல்தான். வரம்பிலேயே இருந்து அழுதேன்.

பக்கத்து வயலில் நின்ற உங்கள் தம்பி வந்தார்.

"மச்சாள், குளிருக்கை வேர் மெதுவாத்தான் ஓடும். தண்ணியும் நிண்டால் அதுக்கு மூச்சில்லை, மண்ணைப் பிடிக்காது. திறந்து விடுங்கோ."

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சண்டைக்கு வருவியள் எண்டு பேசாமல் இருந்தனான்."

அதுவும் பொய்யில்லை. என்னோடு சண்டை பிடிக்கும் பொறுமை உங்களுக்குத்தான் இருந்தது.

அன்றே வரம்பை வெட்டினேன். நாலு நாள் சேறு வெயில் பார்த்தது. ஐந்தாம் நாள் மிஞ்சிய பயிரில் ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பாதி வயல் தப்பியது. இப்போது கதிர் தள்ளுகிறது.

அறுத்ததும் முதல் மூட்டையை விதைக்கென்று கட்டிவைப்பேன். அடுத்த முறை முளை தெரிந்ததும் நானே வரம்பை வெட்டுவேன். ஆனால் வெட்டுமுன் மண்வெட்டியோடு நின்று உங்களோடு ஒருதரம் சண்டை பிடிப்பேன். அதை விடமாட்டேன்.

இலுப்பைக்கடவையிலிருந்து,
உங்கள் மனைவி,
கடற்கரைக்காரி