களம் என்றால் எந்தக் களம்

என் அன்பிற்குரிய துணைவிக்கு,

"நம்ம பையனைப் போருக்கு அனுப்புற மேடையில ஏறுனீங்கன்னா, நான் திரும்பி வரமாட்டேன்" என்று அண்ணன் வீடு சென்றாய். ஏறினேன். "வீட்டுக்கு ஒருவர் விடியலில் களம் புகுக" என முழங்கினேன்.

விடிந்ததும் படையதிகாரி பதிவேட்டுடன் தெருமுனையில் காத்திருந்தார். ஊரோ முறமும் சாக்குமாகக் கதிரடிக்கும் களத்தில் திரண்டிருந்தது. சென்ற போரில் கணவரை இழந்து தனியே கதிரடித்துவரும் அடுத்த வீட்டுக்காரி, "இப்பவாவது எங்களுக்காகப் பேசுனீங்களே, அண்ணே" என்று கண்கலங்கினாள்.

மூட்டை தூக்கிய நம் மகன், "இந்தக் களத்தைத்தானப்பா சொன்னீங்க?" என்றான்.

அடுத்தவர் ஒற்றுப்பிழையையும் பொறுக்காத நான், தேடிவந்த அதிகாரியின் முன்னிலையில், "ஆமாடா, இதேதான்" என்றேன்.

படைவண்டி வெறுமையாகத் திரும்பியது. அவனும் நானும் சமைத்ததை நாய்கூட முகர்ந்து பார்க்கவில்லை. நீ வா.

சொன்ன சொல்லை முதன்முறையாக விழுங்கிய,
உன் கணவன்