இருபத்தொரு இழைக் காப்பு

டிசம்பர் 13, வெள்ளி

விடியமுன்னமே மழை. குளம் நெடுங்கேணியிலிருந்து ஆறு மைல் காட்டுக்குள். ஜீப் இரண்டு தரம் புதைந்தது. சுழியோடிகள் இரண்டு பேர், நானும் காசிமும். ஓவசியர் ஐயா. காற்றுச் சிலிண்டர் நாலு. ரப்பர் உடுப்பு ஒன்று. மற்றது வருமாம். போன மாதமும் இதே கதைதான்.

வேலை: துருசின், அதாவது மதகின், கதவு பாதி திறந்தபடி இறுகி நிற்கிறது. வாயில் பெரிய அடிமரம் செருகியிருக்கிறது. மிச்சத் தண்ணீர் வான் வழியே வழிந்து பாய்ந்தும் மட்டம் ஏறுகிறது. அணைக்கட்டின் பின்பக்கம் கசிவு. கீழே அறுபது குடும்பம், முழங்கால் உயர நெல். மரத்தை இருபத்தாறு அடி ஆழத்தில் கைவாளால் அறுக்க வேண்டும்.

குளிருக்கு: கம்பளிச் சட்டை 1, நெஞ்சில் வைக்கப் பழைய பேப்பர், மல்லித்தண்ணி, வீரை விறகு. ரப்பர் ஒட்டாமல் ஏற முகப்பவுடர் ஆறு டின். கடைக்காரர் கேட்டார், "ஆருக்குத் தம்பி கலியாணம்?" காசிம் என்னைக் காட்டினான், பாவி.

பிள்ளையார் கதை விரதம், இருபத்தொரு நாளில் இன்று பதின்மூன்றாம் நாள். எனக்கு ஒருநேரச் சாப்பாடு. சாவகச்சேரியில் என் கமலாவுக்கும், நிறைமாதம் என்றாலும், அதே. அவளுக்கு இடக்கையில் நூற்காப்பு, எனக்கு வலக்கையில். முந்தின இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இது தங்கவேண்டும்.

டிசம்பர் 14, சனி

முதலில் நான். கீழே ஒரே இருட்டு, சேறு. கடலில் இந்தக் குளிர் இல்லை. இது எலும்புக்குள் மெல்ல மெல்ல இறங்குகிற குளிர். பத்து நிமிடத்தில் வலக்கைச் சட்டை நனைந்தது, பிறகு தோள், பிறகு வயிறு. அரை மணியில் வாள் கைக்குள் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஏறிவந்து நெருப்பைக் கட்டிப்பிடிக்காத குறை.

அதே கம்பளியைக் காயவைத்துப் போட்டுக்கொண்டு காசிம் இறங்கினான். முக்கால் மணி. ஏறிவந்தபோது உள்ளே ஒரு சொட்டும் இல்லை!

ஓவசியர்: "உமக்கு மட்டும் ஏன் தண்ணி விடுது? எங்காலை விடுது?"

"கழுத்தாலை ஐயா."

பொய். உடுப்பின் கைவாய் தோலோடு ஒட்டியிருந்தால்தான் தண்ணீர் வராது. என் மணிக்கட்டில் நூல் இருக்கிறது. கழற்றச் சொல்வார் என்று பயந்து சொன்னேன். இருபத்தோராம் நாளுக்கு முதல் எப்படிக் கழற்றுவது?

டிசம்பர் 15, ஞாயிறு

ஓவசியர் கழுத்துக்குச் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டினார். பாவம், ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து ஒட்டினார். நான் இறங்கினேன். திரும்பவும் அதே. காவற்காரன் சாராயம் நீட்டினான். எனக்கு விரதம், காசிமுக்கு மார்க்கம். "நல்ல சோடி" என்று அவனே குடித்தான்.

உடுப்பைக் கழற்ற உதவியபோது காசிம் என் கையைப் பிடித்துப் பார்த்தான்.

"மச்சான், இதாலையடா விடுது."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"எத்தினை நாள் கிடக்கு?"

"ஆறு."

"வெட்டிப்போடாதை. கமலாக்கு நேர்ந்தது. நான் இறங்கிறன். உனக்குக் காய்ச்சல் எண்டு ஐயாட்டைச் சொல்லிவிடுறன்."

வேண்டாம் என்று ஒரு சொல் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

மூன்று முறையும் காசிம். மரம் முக்கால்வாசி அறுந்துவிட்டது. மூன்றாவதில் ஏறியபோது உதடு நாவற்பழ நிறம். கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துப் பருக்கினேன். சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கக்கத்தில் வைத்துவிட்டேன். பல்லுக் கிடுகிடுத்தபடி சிரிக்கிறான். "உன்ர பிள்ளைக்கு என்ர பேரை வையடா."

மட்டம் இன்னும் ஒரு அடி ஏற்றம். கசிவு கலங்கலாகிவிட்டது. கலங்கினால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம்.

பின்னேரம் கத்தியை எடுத்து நூலுக்குக் கீழே நுழைத்தேன். திரும்ப எடுத்துவிட்டேன். சீ!

டிசம்பர் 17, செவ்வாய்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை நான்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தேன், காப்போடுதான். கால் மணியில் கை மரத்துப்போய் வாள் விழுந்தது. ஏறிவிட்டேன். கம்பளியைப் பிழிந்தால் வாளித் தண்ணீர்.

ஓவசியர் கத்தினார், "அணை போகப்போகுது, ஆராவது இறங்குங்கோ!" கீழே சனம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தது.

"காயட்டும், அரை மணி பொறு" என்றேன். காசிம் பொறுக்கவில்லை. என் ஈரக் கம்பளியையே போட்டான். "ஐஸ்மாதிரி இருக்கடா" என்றான். அதுதான் கடைசிக் கதை.

மரம் விடுபடும்போது தண்ணீர் துருசுக்குள் இழுக்கும். சுவரில் இரும்புக் கம்பி இருக்கிறது, அதை இறுகப் பிடிக்க வேண்டும். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில். ஒரு இழுப்பு, சுகம். இன்னொன்று, சுகம். பிறகு கயிறு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நானும் ஓவசியரும் காவற்காரனும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை.

மரம் போய்விட்டதால் கதவு இப்போது இறங்கியது. அதை மூடித்தான் அவனை எடுத்தோம். விரல்கள் விறைத்து விரிந்தபடி இருந்தன. கம்பியைப் பிடிக்க அந்த விரல்கள் மடங்கவில்லை. நான் நனைத்த கம்பளி.

கதவைத் திரும்ப உயர்த்தித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மட்டம் இறங்குகிறது. சனம் சாமான்களை இறக்குகிறது.

டிசம்பர் 18, புதன்

முல்லைத்தீவு. அடக்கம் முடிந்தது. காசிமின் உம்மா என்னைக் கூப்பிட்டா. அழுது குரல் போய்விட்டது. என் வலக்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தா.

"என்ன மகன், கை இப்பிடிக் குளிருது?"

பிறகு நூலைப் பார்த்தா. "இது என்ன?"

"விரதம், உம்மா."

"நல்லது. பிடியுங்கோ" என்றா.

டிசம்பர் 20, வெள்ளி

ஓவசியர் அறிக்கை கொண்டுவந்தார். உடுப்பின் கழுத்துப்பக்கம் பழுது, ஒட்டியும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஒட்டு தன் பிழை என்று நினைக்கிறார். கண் கலங்கியிருந்தது. "நான் இன்னும் வடிவா ஒட்டியிருக்கவேணும், சிவம்."

கையெழுத்து வைத்தேன்.

டிசம்பர் 21, சனி

மழை இல்லை. பத்து மணிக்குத் தந்தி. ஆண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

பிள்ளையார் கோயில். வரிசையில் நின்றேன். ஐயர் காப்பைக் கழற்றினார். நூல் இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது.

"நினைச்ச காரியம் பலிச்சுதோ தம்பி?"

"ஓம், ஐயா."