கடைசி இரண்டு சுற்று

எங்கள் சமையலறைக் கதவின் கீல் துருப்பிடித்துத் தொங்கிப் போயிருந்தது. இழுத்தால் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வரும். மருமகள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை ஒருவழியாகக் கார்பெண்டர் வந்தார். கையில் ட்ரில் மெஷின், காதில் போன். மேல் கீல் சுலபமாக வந்துவிட்டது. கீழ்க் கீலில் ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் அசையவில்லை. மெஷினை வைத்து எதிர்ப்பக்கம் திருகிப் பார்த்தார். ஸ்க்ரூ தலையிலிருந்த காடிப் பள்ளம் தேய்ந்து வழவழப்பானதுதான் மிச்சம். குறடு போட்டு இழுத்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இன்னா ஸ்க்ரூ சார் இது? எவன் செஞ்சான் இத?" என்றார்.

ட்ரில் உரசிய உரசலில் சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை கிளம்பி மூக்கில் ஏறியது. நம் ஷெட்டின் வாசனை அது. உன் சட்டையில் உன் வீட்டுக்காரி லூர்து எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாசனை. எவன் செய்தான் என்று கேட்டால் நீதான் செய்தாய். கேட்டதை உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். இந்த வயதில் எழுதுவதும் அலுப்பாகத்தான் இருக்கிறது, இரண்டு வரிக்கு ஒருமுறை விரலை நீட்டி மடக்க வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் அந்த ஷெட்டை எடுத்தோம். திண்டிவனம் ரோட்டில், மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பழைய குடோன். பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராஜகிரிக் கோட்டைப் பாறை சாயங்காலமாக நம் தகரக் கூரைமேல் திருப்பிக் கொடுக்கும். எங்கள் வீட்டில் பழைய இரும்பு வியாபாரம். நீ பம்பு செட் ரிப்பேர் செய்துகொண்டு ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றியவன். வடக்கே ஏதோ ஒரு ஊரில் மூடிப்போன கம்பெனியிலிருந்து மூன்று பழைய மெஷின்கள் லாட்டாக வந்தன. நான் அவற்றை எடைக்குப் போடும் எண்ணத்தில் இருந்தேன். நீ அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து, "பாய், இது மர ஸ்க்ரூ செய்ற மெஷினு. இத உடைக்காத" என்றாய். அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டேன். பிறகு எத்தனையோ நாள் அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் மெஷின் கம்பியை வெட்டி ஒரு முனையில் தலை அடிக்கும். இரண்டாவது, தலையில் திருப்புளி உட்காரக் காடி அறுக்கும். இரண்டும் சொன்னதைக் கேட்கும் பிள்ளைகள். மூன்றாவதுதான் உன்னைத் தின்றது. கம்பித் துண்டு சுழல, சின்ன உளி ஒன்று அதன்மேல் போய்ப் போய் வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆழமாகச் சுருள் மரை வெட்டும். வந்த புதிதில் அது வெட்டிய மரை மழுங்கலாக, தேய்ந்த பல் மாதிரி இருந்தது. கடைக்காரர்கள் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்.

நீ அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தினாய். உளியைத் தீட்டுவாய், மாட்டுவாய், ஓட்டுவாய், கழற்றுவாய். கரண்ட் போனால் டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன் வயிற்றுக்குள் தலையை விடுவாய். ஆர்டர் காத்திருக்கிறது, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று நான் கத்தினால், உன்னிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "இன்னும் கொஞ்சம் பாய்." அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் தலை வலிக்கும்.

ஆனால் செய்துவிட்டாய். உளியின் கோணத்தை மாற்றி, அதைத் தள்ளும் சக்கரத்தை அரத்தால் ராவிச் சரிபண்ணினாய். கடைசியில் வந்த மரையைப் பார்த்து நானே அசந்துபோனேன். கத்தி மாதிரி கூர், நல்ல ஆழம். ஒரு தேக்குத் துண்டை வைஸ் இடுக்கியில் கட்டி நீ திருப்புளியால் திருகினாய். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. நான் ஒன்று திருகினேன். லூர்து சாப்பாடு கொண்டுவந்தவள், அவளும் ஒன்று திருகிப் பார்த்துச் சிரித்தாள். மூன்று பேரும் திருகிப் பார்த்தோம். வேறு எதுவும் செய்து பார்க்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

அந்த ஸ்க்ரூ பெட்டி பெட்டியாகப் போயிற்று. மேல்சித்தாமூர் வரைக்கும் கடைகளில் கேட்டு வாங்கினார்கள். அப்புறம் ஒருநாள் ஏழுமலை ஆசாரி ஷெட்டுக்குள் வந்து, ஒரு துணி மூட்டையை உன் மேஜைமேல் கொட்டினார். எல்லாம் நம் ஸ்க்ரூ. பாதி கழுத்தில் ஒடிந்தது, பாதியில் மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"புது மண்டபத்துல கதவு மாட்னேன். ஒரு மாசம் கூட ஆவல. கீலோட கயண்டு வந்துடுச்சி. மொதலாளி என் மூஞ்சில காறித் துப்பாத கொற" என்றார்.

நீ ஒடிந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாய். தலையில் காடிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு தழும்பு. "இன்னா இது, சுத்தியால அடிச்சியா?"

"பின்ன?"

"ஸ்க்ரூவ எவனாவது அடிப்பானாய்யா?"

"எல்லாரும் அடிக்கிறோம்" என்றார் ஆசாரி, ஆச்சரியமே இல்லாமல். "முக்கால அடிப்போம், கால திருகுவோம். மொத்தத்தையும் திருகிக்கினு குந்தினு இருந்தா ஒரு கதவு மாட்டப் பொழுது போயிடும். எங்கப்பா அப்பிடித்தான் அடிச்சாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு வரவில்லை. உன் கூரான மரை அடிக்கு அடி மரத்தைக் கிழித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. கிழிந்த மரம் எதைப் பிடிக்கும்? ஆழமாக வெட்டியதில் உள்தண்டும் மெலிந்து, சுத்தியலுக்குத் தாங்காமல் ஒடிந்திருக்கிறது. பழைய மழுங்கல் மரையில் அந்தத் தொல்லை இல்லை. நீ திருத்தியதால் வந்த கேடு. அதை உனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாய்.

அந்த வாரமே கடைகள் சரக்கைத் திருப்பின. உன் மாமனார் மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியில் உனக்கு வேலை பேசிவைத்திருந்தார். மாதம் பிறந்தால் சேர வேண்டும். அதுவரை "பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டிருந்தவன், இப்போது தலையாட்டிவிட்டாய். லூர்து பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். நீ போனால் அந்த மூன்று மெஷினையும் நான் எடைக்குத்தான் போட வேண்டும். அது போனால் போகிறது, உடைப்பது என் பரம்பரைத் தொழில். நீ போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. "போறதுன்னா போய்யா, யாரு புடிச்சிக்கினு இருக்காங்க" என்றுதான் வந்தது.

மறுநாள் நீ ஷெட்டுக்கு வரவில்லை. மெட்ராஸுக்கு டிக்கெட் எடுக்கப் போயிருப்பாய் என்று நினைத்தேன். நீ மண்டபத்தில் ஏழுமலை ஆசாரி பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஆசாரியே எரிச்சலாகி, "போலீசாட்டம் பாக்காதய்யா, கை நடுங்குது" என்றாராம். சாயங்காலம் வந்து என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினாய்.

"பாய், அவுங்க கைய நம்மால மாத்த முடியாது. மெஷின மாத்தலாம்."

"இன்னும் கொஞ்சமா?" என்றேன்.

"ஆமா" என்றாய். நீயும் களைத்துத்தான் இருந்தாய். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நீ கண்டுபிடித்தது கேட்க எளிது. மரையின் இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? முனையைப் பார்த்த பக்கம் நீளமான சரிவு, அடித்தால் மரத்தைக் கிழிக்காமல் வழுக்கி இறங்கும். தலையைப் பார்த்த பக்கம் செங்குத்து, இழுத்தால் மரத்தில் மாட்டிக்கொள்ளும். ஆழத்தைக் குறைத்து உள்தண்டைத் தடிப்பாக விட்டால் ஒடியாது. நீ அவ்வளவு பாடுபட்டு வரவழைத்த அந்த அழகான மரையை நீயே கெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொல்ல எளிது. ஒருபக்கமாகச் சாய்த்துத் தீட்டிய உளி பட்டதும் கம்பி ஒருபக்கமாக ஒதுங்கி நடுங்கியது. மரை அலையலையாக வந்தது. உளி ஒடிந்தது, மறுபடி தீட்டினாய், மறுபடி ஒடிந்தது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கரண்ட்காரன் வேறு நேரம் பார்த்து நிறுத்துவான். நான் டீ வாங்கிவந்து வைப்பேன், ஆடை படிந்து ஆறிக் கிடக்கும். கடைசியில் பழைய பம்பு செட்டின் பித்தளை புஷ் வளையம் ஒன்றைப் பாதியாக அறுத்து, கம்பிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தாய். சாய்ந்து போகிறவனை முதுகில் கைவைத்து நிறுத்துவது போல. நடுக்கம் நின்றது.

ஏழுமலை ஆசாரியை வரவழைத்தோம். இந்தத் தடவை நாம் யாரும் திருப்புளியைத் தொடவில்லை. அவர் தன் வழக்கப்படி முக்காலை அடித்தார். மிச்சத்தையும் அடிக்கக் கையை ஓங்கியபோது நீ சுத்தியலைப் பிடித்துக்கொண்டாய். "கடைசி ரெண்டு சுத்து கையால போடு. அதுலதான் அது மரத்தோட ஒட்டும்" என்றாய். அவர் முணுமுணுத்துக்கொண்டே திருகினார். பிறகு கீலுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நானும் அவரும் சேர்ந்து நெம்பினோம். கீல் வளைந்தது. மரம் சிராயாகப் பிளந்தது. ஸ்க்ரூ நின்றது.

லூர்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மரையும் தெரியாது, சரிவும் தெரியாது. உன் மூஞ்சியைப் பார்த்தாள். "அப்போ கட்ன சாக்க அவுத்துடட்டுமா?" என்று கேட்டாள். நீ ஆமாம் என்று தலையை ஆட்டினாய். நான் மூஞ்சியைக் கழுவுவது போலத் தொட்டிப் பக்கம் போய்விட்டேன்.

நாம் பணக்காரர்கள் ஆகவில்லை. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. ஷெட் ஓடியது, இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள், பிறகு வேறு மாதிரி ஸ்க்ரூ வந்தது, நாம் மூடினோம். நீ கடைசிவரை பெட்டிமேல் 'கடைசி இரண்டு சுற்று கையால் திருகவும்' என்று அச்சடிக்க வைத்தாய். எந்த ஆசாரியும் அதைப் படிக்கவில்லை. வேலை நடக்கிற இடத்துக்கெல்லாம் போய் நின்று, முழுசும் அடிக்கிறவர்களோடு சண்டை போட்டாய். உன்னைக் கண்டாலே, "தோ வரான்பா ரெண்டு சுத்து" என்று சுத்தியலைக் கீழே வைப்பார்கள்.

நீ போனது ஐப்பசி மழையில். லூர்து ஆள் அனுப்பிச் சொன்னதும் நான் செருப்பைத் தேடினேன். எதற்கென்று தெரியாமலே, பரணில் கிடந்த நம் கடைசிப் பெட்டியைத் திறந்து ஒரு பிடி ஸ்க்ரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் முடித்து, சவப்பெட்டிக்கு மூடியைப் போட்டதும், அதைச் செய்த ஏழுமலை ஆசாரி ஆணியை எடுத்தார். அவருக்கும் வயசாகிவிட்டது, பார்வை மட்டு. நான் பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன். கையில் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் லூர்துவின் தோள் குலுங்கியது. எனக்கு, நிறுத்துய்யா என்று கத்த வேண்டும் போல இருந்தது. முக்கால் இறங்கியதும் அவரே நிறுத்தினார். எல்லா ஸ்க்ரூவும் கொஞ்சம் கொஞ்சம் தலை தூக்கி நின்றன. இடுப்பிலிருந்து திருப்புளியை உருவி என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு சுத்து நீ போடு பாய். இல்லன்னா எழுந்து வந்து சண்ட போடுவான்."

மழையில் முட்டிபோட்டு ஒவ்வொன்றாகத் திருகினேன். காடியில் திருப்புளி வழுக்கியது. உள்ளே போகச் சுலபம், வெளியே வர வழியில்லை, அப்படித்தானே நாம் அதைச் செய்தோம். அதை அவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம் என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனாலும் ஒன்றைக்கூட அரைகுறையாக விடவில்லை. ஒவ்வொன்றும் மரத்தோடு ஒட்டும் வரை திருகினேன்.

இன்று கார்பெண்டரிடம் பழைய கீலை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு அந்தப் பழைய ஸ்க்ரூவை அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டேன். புதுக் கீலை ஒரு சாண் மேலே தள்ளி வைத்தார். மெஷினால் ஸ்க்ரூவைச் சர்ரென்று இறக்கிக்கொண்டு வந்தவரை, தலை உட்காருமுன் நிறுத்தச் சொன்னேன். ஏழுமலை ஆசாரியின் திருப்புளி அன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு முட்டியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தேன்.

"மெஷினே டைட் பண்ணிடும் சார். உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார்.

கஷ்டம்தான். மணிக்கட்டு இப்போதும் வலிக்கிறது. இரண்டு சுற்று போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.